தேசிங்கு அண்ணன் கேட்ட அறுபது வினாடிகள்

தேசிங்கு அண்ணன் போய்விட்டார் என்ற செய்தியை நான் மட்டும் தனியாகக் கேட்கவில்லை. கிரிவலப் பாதையில் நடந்துகொண்டிருந்த சில நூறு பேரும் என்னோடு சேர்ந்து கேட்டார்கள். அன்று பௌர்ணமி, பிற்பகல் நேரம். அடி அண்ணாமலையில் ஒரு பந்தலில் உட்கார்ந்து, கூட்டத்தில் பிரிந்துபோனவர்களுக்காக என் மைக்செட்டில் அறிவிப்புச் செய்துகொண்டிருந்தேன். "ஆரணியிலிருந்து வந்திருக்கும் சரோஜா அம்மாள் அவர்களே, உங்கள் கணவர் இங்கே காத்துக்கொண்டிருக்கிறார்" என்று மூன்றாவது முறை சொல்லி முடித்தபோது செல்போன் அடித்தது. கால்பந்துக் கமிட்டிச் செயலாளர் குமரவேல் பேசினார். "பாபு, காலையில நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாராம் தேசிங்கு சாரு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள பூட்டாருப்பா" என்றார்.

"ஐயோ, எங்க ரெஃப்ரி பூட்டாரா!" என்று நான் அலறியது பாதை நெடுக இருந்த எட்டுக் குழாய் ஒலிபெருக்கிகளிலும் கேட்டது. நடந்துகொண்டிருந்தவர்கள் நின்று குழாயை அண்ணாந்து பார்த்தார்கள். மனைவியைத் தேடி என் பக்கத்தில் நின்ற ஆரணிக்காரர் தன் கவலையை மறந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். "சொந்தமாப்பா?" என்று கேட்டார். "இல்லீங்க, எனக்கு மஞ்ச கார்டு குடுத்தவரு" என்றேன். அதுவும் எட்டுக் குழாய்களிலும் போனது. அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. "மொதல்ல மைக்க ஆஃப் பண்ணு தம்பி" என்றார்.

மைக்கை அணைக்க மறப்பது என் பிறவிக் குணம். தேசிங்கு அண்ணனுக்கும் எனக்கும் இருபத்திரண்டு வருடங்களாக நடந்த சண்டையே அதனால்தான். நம் மைதானத்துக்கு வருகிற உங்களில் பாதிப் பேருக்கு இது தெரியும். மீதிப் பேருக்காக முதலிலிருந்து சொல்கிறேன். எழுதுவதை விட எனக்குப் பேச்சுத்தான் எளிது, ஆனால் பேசினால் எங்கே நிறுத்துவேன் என்று எனக்கே தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

அண்ணனுக்குக் கீழ்பென்னாத்தூர் கால்நடை மருந்தகத்தில் உதவியாளர் வேலை. வாரம் முழுக்க மாடுகளோடு இருப்பார். சனி ஞாயிறுகளில் கறுப்புச் சட்டையும் அரைக்கால் சட்டையும் போட்டுக்கொண்டு நம் சுற்றுப்போட்டிக்கு நடுவராக வந்துவிடுவார். குள்ள உருவம், ஆனால் குரல் மட்டும் செங்கம் சாலை வரைக்கும் கேட்கும். விசில் ஊதுவதற்கு முன்பே வாயால் "ஃபவுல்!" என்று கத்திவிடுவார். இப்படிப்பட்ட மனிதர் வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்டது ஒரு நிமிட மௌனத்துக்கு. இதைச் சொன்னால் அவர் மனைவி, எங்கள் அண்ணி, இன்றைக்கும் சிரிப்பார்கள். "வூட்ல ஒரு நிமிஷம் சும்மா இருந்ததில்ல அந்த மனுசன். ஊரு மட்டும் சும்மா இருக்கணுமாம்" என்பார்கள்.

நம் சுற்றுப்போட்டியில் மௌன அஞ்சலி இல்லாமல் இறுதி ஆட்டம் தொடங்கியதே இல்லை. வருடத்துக்கு ஒரு பழைய ஆட்டக்காரராவது, கோப்பை வாங்கிக் கொடுத்த ஒரு பெரிய மனிதராவது போய்ச் சேர்ந்திருப்பார்கள். இரண்டு அணிகளும் நடுவட்டத்தில் வரிசையாக நிற்கும். நான் மைக்கில் இறந்தவரின் பெயரைச் சொல்வேன். அண்ணன் விசில் ஊதுவார், கையிலிருக்கும் ஸ்டாப் வாட்சை அழுத்துவார். அப்புறம் நம் ரசிகர்கள் தங்கள் வேலையை ஆரம்பிப்பார்கள். எதிர்ப் படிக்கட்டில் மாமன் மகனைப் பார்த்து, "டேய் மச்சான், எப்படா வந்த?" என்று ஒருவன் கூப்பிடுவான். குச்சி ஐஸ் வண்டிக்காரர் மணியடிப்பார். பின்வரிசையில் ஒருவர் தும்மினால் அவர் பக்கத்தில் இருப்பவர் "நூறு" என்பார்.

ஆட்டம் முடிந்ததும் நடுவர் கமிட்டிக்கு ஓர் அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். கோல் எத்தனை, அட்டை யாருக்கு என்று கட்டம் போட்ட தாள் அது. அண்ணன் அதில் அடியில் இன்னொரு கட்டம் தானாகவே போட்டுக்கொண்டார். "மௌனம்" என்று தலைப்பு. "முப்பத்தெட்டு வினாடி. கலைத்தது: ஐஸ் வண்டி." "பத்தொன்பது வினாடி. கலைத்தது: மேற்குப் படிக்கட்டு, தும்மல்." கமிட்டியில் ஒருவரும் அதைப் படிப்பதில்லை. நான் மட்டும் ஒவ்வொரு வருடமும் கேட்டு வாங்கிப் படிப்பேன். தோற்ற அணிக்காரர்கள் முகத்தில் இருக்கும் வருத்தத்தை விட அந்தக் கட்டத்தை நிரப்பும்போது அவர் முகத்தில் அதிகமாக இருக்கும். "மாட்டை நில்லுன்னா நிக்குது பாபு. இவனுங்க நிக்க மாட்டேங்குறானுங்களே" என்பார்.

ஒரு வருடம் நடந்ததை நம் ஊர் ரசிகர்களைத் தவிர வேறு எந்த ஊர்க்காரர்களாலும் செய்திருக்க முடியாது. நம் மைதானத்தில் எங்கே நின்றாலும் எதிரே மலை தெரியும். அன்று கூட்டம் ஆச்சரியமாக அமைதியாக இருந்தது. இருபது வினாடி, முப்பது வினாடி. பழைய தபால்காரர் ஒருவர் முன்வரிசையில் நின்றிருந்தார். அமைதியாகக் கைகட்டி நின்ற மனிதருக்கு மலையைப் பார்த்ததும் கை தானாகக் குவிந்துவிட்டது. கை குவிந்ததும் வாய் சும்மா இருக்குமா? "அண்ணாமலையாருக்கு..." என்று எடுத்துக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான், மைதானமே ஒரே குரலில் "அரோகரா!" என்றது. அந்தக் குரல்களில் எல்லாம் பெரிய குரல் நடுவட்டத்திலிருந்து வந்தது. அது அண்ணனுடையது. கத்தி முடித்த பிறகுதான் அவருக்கு வாட்ச் ஞாபகம் வந்தது. தலையில் அடித்துக்கொண்டார். அன்றைய அறிக்கையை இன்னும் மறக்கவில்லை. "முப்பத்தோரு வினாடி. கலைத்தது: அனைவரும், நடுவர் உட்பட."

ஒரே ஒரு ஆள் மட்டும் அவர் கேட்டதை ஒருமுறை முழுசாகக் கொடுத்தார். ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர், நம் ஆட்டம் பார்க்க வந்திருந்தார். எல்லைக்கோட்டுக்கு ஓரமாக நின்று மௌன அஞ்சலிக்குக் கண்ணை மூடியவர், விசில் ஊதியும் திறக்கவில்லை. ஆட்டம் ஆரம்பித்தும் திறக்கவில்லை. பந்து அவர் காதை உரசிக்கொண்டு போனபோதும் அசையவில்லை. எல்லைக்கோட்டு நடுவர் ஓடிவந்து, "சார், எழுப்பவா?" என்று கேட்டார். "எழுப்பாதடா. ஊர்லயே ஒருத்தன்தான் ஒழுங்கா நிக்கிறான். அவர சுத்தி ஆடச் சொல்லு" என்றார் அண்ணன். இடைவேளை வரைக்கும் அந்தப் பக்கம் த்ரோ எறிந்தவர்கள் எல்லாம் அவரைச் சுற்றிக்கொண்டுதான் எறிந்தார்கள்.

இத்தனை பிடிவாதம் ஏன் என்று நான் ஒருமுறைதான் கேட்டேன். மைதானத்து வாசல் டீக்கடையில், வெயில் தாழும் நேரம். அவர் இளைஞராக ஆடிக்கொண்டிருந்த காலத்தில் அவர் அணியின் இடது ஓர ஆட்டக்காரன் ஒருவன் காய்ச்சலில் இறந்துபோனானாம். அவனுக்கு மௌன அஞ்சலி வைத்த அன்று சிறப்பு விருந்தினருக்கு வேறு கூட்டத்துக்குப் போகிற அவசரம். பத்து வினாடியில் விசில் ஊதிவிட்டார்கள். பையனுடைய அம்மாவைக் கூட்டிவந்து முன்னால் நிறுத்தியிருந்தார்கள். அந்த அம்மா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற அண்ணனிடம், "அவ்ளோதானா தம்பி?" என்று கேட்டார்களாம். "நான் இன்னா பதில் சொல்றது பாபு? தல குனிஞ்சி நின்னேன்" என்றார். டீயை ஒரே மடக்கில் குடித்து வைத்தார். பிறகு அவருக்கே உரிய பாணியில், "ஆட்டத்துல நேரம் வீணானா இஞ்சுரி டைம் குடுக்குறோம். செத்தவன் நிமிஷம் வீணானா எவன் குடுக்குறான்?" என்று டீக்கடையே திரும்பிப் பார்க்கும்படி கேட்டார். எனக்கு அன்றுதான் அந்தக் கட்டத்தின் அர்த்தம் புரிந்தது.

புரிந்தது என்கிறேனே தவிர, திருந்தினேனா என்றால் இல்லை. அதற்கு மறு வருடம் நடந்ததைத்தான் நீங்கள் எல்லாரும் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறீர்கள். நாற்பது வினாடி தாண்டியாயிற்று. ஐம்பதும் தாண்டியாயிற்று. அண்ணன் வாட்சைப் பார்த்துக்கொண்டு மூச்சை அடக்கி நிற்கிறார். அப்போது என் மேசைக்கு டீ கொண்டுவந்தார்கள். நான் மிக மிக மெதுவாக, ரகசியமாக, "நேத்து மாதிரி இல்லாம சக்கர கம்மியா போட்டியாப்பா?" என்று கேட்டேன். மைக் அணையவில்லை. "சக்கர கம்மியா" என்பது நாலு மூலைக் குழாய்களிலும் எதிரொலித்து மலை வரைக்கும் போய் வந்தது. கூட்டம் வெடித்துச் சிரித்தது. இறந்துபோனவரின் மகனே தோள் குலுங்கச் சிரித்தான். அண்ணன் நடுவட்டத்திலிருந்து மைதானத்தைக் குறுக்கே கடந்து நேராக என் மேசைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்துத் தலைக்கு மேலே பிடித்தார்.

மைக்செட்காரனுக்கு மஞ்சள் அட்டை கொடுத்த நடுவர் வேறு எங்காவது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. "இன்னொரு தடவ வாங்கினா செகப்பு. மைக்கோட வெளிய போவணும்" என்றார். அட்டையை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். அறிக்கையில், "ஐம்பத்திரண்டு வினாடி. கலைத்தது: பாபு, சர்க்கரை" என்று எழுதியிருந்தார். அவர் ஊதிய காலத்தில் அதுதான் அதிகபட்சம். இன்னும் எட்டே வினாடி இருக்கும்போது நான் கெடுத்தேன்.

மேளம் வந்த கதையையும் சொல்லியாக வேண்டும். கீழ்பென்னாத்தூர் அணியின் பழைய கோல்கீப்பர் மாணிக்கம் இறந்த வருடம் அது. மௌனம் என்று நான் அறிவித்ததும் அந்த ஊர் ரசிகர்கள் தாங்கள் கொண்டுவந்த மேளத்தை அடித்து, சரவெடியையும் கொளுத்திவிட்டார்கள். எதிர் அணியான அடி அண்ணாமலை ரசிகர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "செத்தவருக்கு மரியாத குடுக்கத் தெரியாதா?" என்று அவர்கள் படிக்கட்டிலிருந்து இறங்க, "எங்க ஊரு ஆளுக்கு மரியாத குடுக்க நீ சொல்லித் தரியா?" என்று இவர்கள் இறங்க, நடுவில் அண்ணன் ஓடினார். மாணிக்கத்தின் மனைவிதான் அங்கே வந்து நின்று, "மோளம் இல்லாம எங்க ஊர்ல யாரையும் அனுப்புனதில்ல. சத்தமே இல்லன்னா ஒருத்தரும் வரலன்னு நெனச்சிக்குவாரு அவரு" என்றார்கள்.

 அண்ணன் இரண்டு பக்கமும் கையை நீட்டித் தீர்ப்புச் சொன்னார். "ஒரு நிமிஷம் மௌனம், அது நம்ம கொடுக்குறது. அடுத்த நிமிஷம் மோளம், அது அவரு கேக்குறது. ரெண்டுத்துக்கும் விசில் நான்தான் ஊதுவேன்." அன்றிலிருந்து அதுதான் நம் மைதானத்து வழக்கம். முதல் விசிலுக்கு அமைதி, இரண்டாம் விசிலுக்கு இரண்டு ஊர் மேளமும் சேர்ந்து அடிக்கும். ஆனால் இதில் அண்ணனுக்கு ஒரு நஷ்டம் இருந்தது. கையில் குச்சியோடு நிற்கிற மேளக்காரர்களுக்கு அறுபது வினாடி பொறுமை எங்கே இருக்கும்? நாற்பதிலேயே ஒருவன் தட்டிவிடுவான். மௌனம் இன்னும் குறைந்துதான் போனது. ஓய்வு பெறும் வரைக்கும் அவருக்கு அந்தக் கட்டத்தில் அறுபது என்று எழுத வாய்க்கவில்லை.

அவர் போன மூன்றாம் வாரம் இறுதி ஆட்டம். மறுபடியும் கீழ்பென்னாத்தூரும் அடி அண்ணாமலையும். குமரவேல் என்னிடம் வந்து, மௌன அஞ்சலியை நீதான் நடத்த வேண்டும் என்றார். அந்த மனிதருக்கு நான் கொடுக்க வேண்டியது அந்த ஒன்றுதான். அதையும் நானே கெடுத்துவிடுவேன் என்று பயந்தேன். அண்ணி ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த வாட்சையும் விசிலையும் எடுத்துக் கொடுத்தார்கள். "அவருதுதான். நீங்களே ஊதுங்க தம்பி" என்றார்கள்.

நான் மைக்கில் நீளமாகப் பேச எழுதி வைத்திருந்தேன். அதைப் பையிலேயே விட்டுவிட்டேன். "அண்ணன் நம்மகிட்ட கேட்டது அறுபது வினாடி. இத்தன வருஷத்துல ஒரு தடவகூட நாம குடுத்ததில்ல. இன்னிக்குக் குடுத்துடலாமா?" என்று மட்டும் கேட்டேன். கீழ்பென்னாத்தூர் மேளக்காரர்கள் படிக்கட்டை விட்டு எழுந்து, மைதானத்தைச் சுற்றிக்கொண்டு எதிர்ப் பக்கம் போனார்கள். சண்டைக்குத்தான் போகிறார்கள் என்று நினைத்தேன். கையிலிருந்த குச்சிகளை அடி அண்ணாமலை ரசிகர்களிடம் கொடுத்தார்கள். "எங்க கை சும்மா இருக்காது. நீங்க வச்சிருங்க" என்று சொன்னார்களாம். அவர்களும் தங்கள் குச்சிகளை இவர்களிடம் கொடுத்தார்கள். அடுத்த ஊர்க் குச்சியால் முந்தித் தட்ட எவனுக்கும் மனம் வராது. ஐஸ் வண்டிக்காரர் மணியைக் கழுத்துத் துண்டால் சுற்றிக் கட்டினார்.

விசில் ஊதினேன். வாட்சை அழுத்தினேன். பத்து, இருபது. முப்பதில் அந்தத் தபால்காரர், இப்போது நன்றாகத் தளர்ந்துபோனவர், மலையைப் பார்த்துக் கையைக் குவித்தார். வாய் திறந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அவர் சட்டென்று அந்தக் கைகளாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டார். நாற்பது தாண்டியது. ஐம்பத்திரண்டு வந்தது. என் மேசையில் டீ இருந்தது, நான் அதைப் பார்க்கவே இல்லை. அறுபது.

விசிலை வாயில் வைத்தேன். ஊத முடியவில்லை. கண் நிறைந்து வாட்சின் முள் மங்கலாகத்தான் தெரிந்தது. அறுபத்தைந்து, எழுபது. விசில் வரவில்லையே என்று கூட்டத்தில் ஒரு ஆள் அசையவில்லை. அவ்வளவு பெரிய கூட்டத்தில் கொடிக்கம்பத்துக் கயிறு கம்பத்தில் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. எண்பது, தொண்ணூறு. நம் ரசிகர்கள்தானா இவர்கள் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பக்கத்தில் நின்ற அண்ணி என் முழங்கையைத் தொட்டார்கள். "போதும் தம்பி, ஊதுங்க. அவரு இவ்ளோ நேரம் சும்மா நிக்க மாட்டாரு" என்றார்கள். மெதுவாகத்தான் சொன்னார்கள். ஆனால் நான் வழக்கம்போல மைக்கை அணைக்கவில்லை. நாலு மூலைக் குழாய்களிலும் அது போனது. ஒரு நொடி கழித்து மைதானமே சிரித்தது. அண்ணியும் வாயில் தலைப்பை வைத்துக்கொண்டு சிரித்தார்கள், அழுதார்கள். நான் ஊதினேன். குச்சியைத் திருப்பி வாங்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. கீழ்பென்னாத்தூர் மேளத்தை அடி அண்ணாமலைக்காரர்களின் குச்சியும், அவர்கள் மேளத்தை இவர்களின் குச்சியும் அடித்துத் தீர்த்தன. மேற்குப் படிக்கட்டிலிருந்து, "மைக்குக்கு மஞ்ச கார்டு!" என்று கோஷம் கிளம்பியது. புது நடுவர் என்னைப் பார்த்துச் சட்டைப் பையில் கையை விட்டார். அப்புறம் என் கையிலிருந்த வாட்சை எட்டிப் பார்த்துவிட்டு, வெறும் கையை எடுத்து எனக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

அன்றைய அறிக்கையில் அடிக் கட்டத்தை நடுவர் என்னிடமே கொடுத்து எழுதச் சொன்னார். "அறுபது வினாடி. இஞ்சுரி டைம் முப்பத்து நான்கு. கலைத்தது: வீட்டுக்காரம்மா" என்று எழுதினேன்.

அந்த விசிலையும் வாட்சையும் அண்ணியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அண்ணன் கொடுத்ததில் என்னிடம் இருப்பது அந்த மஞ்சள் அட்டை ஒன்றுதான். மைக் பெட்டியின் மூடியில் உள்பக்கமாக ஒட்டி வைத்திருக்கிறேன், பெட்டியைத் திறந்தால் முதலில் அதுதான் கண்ணில் படும். பௌர்ணமிக்கு அறிவிப்புச் செய்யப் போகும்போதும் பார்த்துவிட்டுத்தான் மைக்கைத் தொடுகிறேன். அன்றைக்கு அந்தப் பையனின் அம்மா "அவ்ளோதானா?" என்று கேட்டதற்கு அண்ணனிடம் பதில் இல்லை. அவருக்காக நாம் நின்ற நிமிடத்தில் அவர் வீட்டு அம்மா "போதும்" என்று சொல்லக் கேட்டோம், அந்த மைக் அணையாமல் இருந்ததால் ஊரே கேட்டது.